நாய் கடிக்கும் வரி எங்கே போனது?

கேள்வி: ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படத்தில் இடிமழை இரவில் குழந்தைகளுக்காகப் பாடப்படும் ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ எனக்கு மிகவும் பிடித்த பாட்டு. ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் அதை வாசித்திருப்பதாக ஒருவர் சொல்லக் கேட்டுப் பார்த்தேன். பதினான்கு நிமிடம் ஓடுகிறது. சிறிது நேரத்தில் பாட்டையே காணோம். ஜாஸ் கலைஞர்கள் ஏன் பழைய பிராட்வே நாடகப் பாடல்களை எடுத்து இப்படிச் செய்கிறார்கள்? இவற்றை எப்படிக் கேட்பது, எங்கிருந்து தொடங்குவது?

முதலில் ஒரு தேதிக் கணக்கு. நீங்கள் சொல்லும் படம் 1965இல் வந்தது. கோல்ட்ரேன் இந்தப் பாட்டை நியூயார்க்கில் பதிவு செய்தது 1960 அக்டோபரில். அப்போது படம் என்று ஒன்றே கிடையாது. பிராட்வேயில், அதாவது நியூயார்க்கின் நாடக அரங்குகளில், நாடகம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது; 1959 நவம்பரில் அரங்கேறி ஓராண்டுகூட ஆகவில்லை. நாடகத்தில் இந்தப் பாட்டுக்கு இடியும் இல்லை, மழையும் இல்லை. கன்னியர் மடத்தில் மரியாவும் மடத்தலைவியும் சேர்ந்து பாடுகிறார்கள். இசை ரிச்சர்ட் ராட்ஜர்ஸ், வரிகள் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன். வரிகளை எழுதியவர் இறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, கோல்ட்ரேன் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்தபோது. ஆகவே அவர் தொட்டது பழைய பாட்டு அல்ல, ஊரே முணுமுணுத்துக்கொண்டிருந்த புத்தம் புதிய பாட்டு. பழையதாகத் தெரிவது நமக்குத்தான்.

இனி, பாட்டு எங்கே போனது என்பதற்கு வருகிறேன். முதல்முறை கேட்டபோது நானும் பாதியில் நிறுத்தியவன் என்பதால் உங்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது.

பாட்டின் கட்டுமானத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பிடித்த பொருள்களின் பட்டியல் வரிசையாக வருகிறது. கடைசியில் ஒரு திருப்பம்: நாய் கடிக்கும்போது, தேனீ கொட்டும்போது, மனம் சோரும்போது இவற்றையெல்லாம் நினைத்துக்கொள்கிறேன், வருத்தம் தணிந்துவிடுகிறது. பட்டியல் முழுவதும் இந்த ஆறுதலுக்காகத்தான் போடப்பட்டிருக்கிறது. கோல்ட்ரேன் பட்டியல் பகுதியின் மெட்டை வாசிக்கிறார், மறுபடியும் வாசிக்கிறார். இடையிடையே ஒரே இடத்தில் நின்று சுழலும் நீண்ட வெளிகளைத் திறந்துவிடுகிறார். மெக்காய் டைனரின் பியானோ இரண்டு மூன்று கார்ட்களையே, அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் சுரக்கொத்துகளையே, திரும்பத் திரும்ப ஆட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்டீவ் டேவிஸின் டபுள் பாஸ் ஏறக்குறைய தம்புராவின் வேலையைச் செய்கிறது. எல்வின் ஜோன்ஸின் டிரம்ஸ் மூன்று எண்ணிக்கைத் தாளத்தைக் கடலலைபோல உருட்டுகிறது. அதன்மேல் கோல்ட்ரேனின் சொப்ரானோ சாக்ஸபோன், நம் காதுக்கு நாகசுரத்தின் சாயலோடு, இழைந்துகொண்டே போகிறது. நாய் கடிக்கும் வரியின் மெட்டு மட்டும் வெகுநேரம் வருவதே இல்லை. ஏறக்குறைய முடியப்போகும் நேரத்தில்தான் அது தலைகாட்டுகிறது. அதாவது அவர் பட்டியலை வைத்துக்கொண்டு ஆறுதலைத் தள்ளிப்போட்டுவிட்டார். குழந்தைகளுக்கான பாட்டு, பதின்மூன்று நிமிட ஏக்கமாக மாறியது அதனால்தான்.

இந்தப் பதிவை மறுபடியும் பாதியில் நிறுத்துவதிலிருந்து என்னைத் தடுத்தது இந்த ஒரு கவனிப்புதான். அன்றிலிருந்து, நாடகப் பாட்டை வாசிக்கும் எந்த ஜாஸ் பதிவானாலும், அவர்கள் எதைச் சேர்த்தார்கள் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று, எதை விட்டார்கள் என்பதையே முதலில் தேடுகிறேன். மூலப்பாட்டைத் தெரிந்துகொண்டால்தான் விட்டது தெரியும். உங்களுக்கு மூலம் ஏற்கெனவே தெரியும். பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

ஏன் நாடகப் பாடல்கள் என்பதற்குப் பெரிய மர்மம் எதுவும் இல்லை. 1920களிலிருந்து 1950கள்வரை அமெரிக்காவில் வெகுஜனப் பாட்டு என்றால் பெரும்பாலும் பிராட்வே மேடையிலிருந்தோ ஹாலிவுட் படத்திலிருந்தோ வந்ததுதான். நடன அரங்கில் வாசிக்கும் குழு அந்த வாரம் மக்கள் கேட்கும் பாட்டை வாசித்தே ஆகவேண்டும். அதோடு அன்றைய நாடக அரங்குகளில் மேடைக்கு முன்னுள்ள குழியில் உட்கார்ந்து வாசித்தவர்களில் பலர் ஜாஸ் கலைஞர்கள். ஜார்ஜ் கெர்ஷ்வினின் ‘கேர்ள் கிரேஸி’ நாடகத்துக்கு 1930இல் மேடைக்கு முன்னிருந்து வாசித்த குழுவில் பென்னி குட்மன், ஜீன் குருப்பா, க்ளென் மில்லர் மூவரும் இருந்தார்கள். நாடகம் போய்விடும், பாட்டு அவர்கள் விரல்களில் தங்கிவிடும். அப்படித் தங்கிப்போய், சொன்னவுடன் எவரும் ஒத்திகையின்றி வாசிக்கும் அளவுக்குப் பொதுச்சொத்தான பாட்டுகளைத்தான் ‘ஸ்டாண்டர்ட்’ என்கிறார்கள்.

வடிவமும் வசதியாக இருந்தது. பெரும்பாலான பாடல்களின் மையப் பகுதி 32 பார் நீளம். ஒரு பார் என்பது வழக்கமாக நான்கு எண்ணிக்கை. எட்டு எட்டாக நான்கு துண்டுகள். முதல் துண்டின் மெட்டே இரண்டாவதிலும் நான்காவதிலும் வரும், மூன்றாவது மட்டும் வேறு: அ, அ, ஆ, அ. ஒரு சுற்று முடிந்தால் மறுபடியும் முதலிலிருந்து. இந்தச் சுற்றுக்கு அடியில் ஓடும் கார்ட் வரிசை மாறாது. மேலே என்ன வேண்டுமானாலும் கட்டலாம். மையப் பகுதிக்கு முன்பு, நம் தொகையறாபோலப் பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே ஒரு முன்பகுதி உண்டு. ‘வெர்ஸ்’ என்பார்கள். கதைக்கும் பாட்டுக்கும் முடிச்சுப்போடுவது அதுதான். ஜாஸ் கலைஞர்கள் முதலில் வெட்டியெறிந்தது அதைத்தான். முடிச்சு அறுந்ததும் பாட்டு கதாபாத்திரத்தின் கையிலிருந்து விடுபட்டுவிடுகிறது.

‘கேர்ள் கிரேஸி’யின் ‘ஐ காட் ரிதம்’ பாட்டுக்கு நடந்தது இன்னும் நுணுக்கமானது. கெர்ஷ்வின் அதன் கடைசித் துண்டில் இரண்டு பார் வால் ஒன்று வைத்திருந்தார், மொத்தம் 34. மேடையில் எதெல் மெர்மன் குரலுக்கு அந்த வால் கைதட்டல் வாங்கித் தந்தது. திரும்பத் திரும்பச் சுற்றுபவர்களுக்கோ அது இடறல். வாலை நறுக்கி 32 ஆக்கினார்கள். பிறகு மெட்டையும் நறுக்கினார்கள். மிச்சமிருந்த கார்ட் வரிசைக்கு ‘ரிதம் சேஞ்சஸ்’ என்றே பெயர் வந்துவிட்டது. லெஸ்டர் யங்கின் ‘லெஸ்டர் லீப்ஸ் இன்’, டியூக் எல்லிங்டனின் ‘காட்டன் டெயில்’, சோனி ராலின்ஸின் ‘ஓலியோ’ எல்லாம் அந்த அஸ்திவாரத்தின்மேல் எழுந்த வேறு வேறு வீடுகள்.

மெட்டையே விட்டுவிட்டுப் பாட்டை வாசிக்க முடியுமா என்று கேட்டால், கோல்மன் ஹாக்கின்ஸின் ‘பாடி அண்ட் சோல்’ கேளுங்கள். 1930இல் ‘த்ரீஸ் எ க்ரவுட்’ என்ற மேடைத் தொகுப்பு நிகழ்ச்சியில் லிபி ஹோல்மன் பாடிப் புகழ்பெற்ற பாட்டு. ஹாக்கின்ஸ் ஐந்தாண்டு ஐரோப்பாவில் இருந்துவிட்டு 1939இல் திரும்பினார். அக்டோபர் 11 அன்று டெனர் சாக்ஸபோனில் இதைப் பதிவு செய்தார். தொடக்கத்தில் சில பார்கள் மெட்டின் நிழல் தெரிகிறது, அவ்வளவுதான். அதன்பின் இரண்டு சுற்று முழுவதும் அவர் கார்ட்களின் மீது ஏறி இறங்கிக் கட்டும் புது மெட்டுத்தான். மூலமெட்டுக்கு அவர் திரும்பவே இல்லை. ஆனாலும் இசைத்தட்டு மக்களிடம் நன்றாக விற்றது. மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுவதற்குக் காரணம் அவருடைய அடக்கம் என்று எண்ணவேண்டாம். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் அந்தக் காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அவ்வளவுதான் பிடிக்கும். நீண்டநேர இசைத்தட்டு 1948இல்தான் சந்தைக்கு வந்தது. கோல்ட்ரேனுக்குப் பதினான்கு நிமிடம் கிடைத்தது அதனால். ஜாஸ் வரலாற்றை எழுதுபவர்கள் மேதைமையைப் பற்றி எழுதும் அளவுக்கு இந்த வட்டத் தகட்டைப் பற்றி எழுதுவதில்லை என்பது என் சின்ன மனக்குறை.

நாடக இசையமைப்பாளர் ஜெரோம் கெர்ன் கதையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தன் மெட்டுகளை ஜாஸ் குழுக்கள் வாசிப்பது அவருக்குப் பிடிக்காது. 1924இல் ‘சிட்டிங் ப்ரெட்டி’ நாடகம் வந்தபோது அதன் பாட்டுகளை வானொலியிலும் இசைத்தட்டிலும் கேளிக்கை விடுதிகளிலும் வாசிக்கவே தடை போட்டார். விளைவு, பாட்டுகள் யார் காதிலும் விழவில்லை. பதினைந்து ஆண்டு கழித்து, 1939 நவம்பரில், ‘வெரி வார்ம் ஃபார் மே’ என்ற நாடகத்துக்கு இசையமைத்தார். 59 காட்சிகளோடு அது மூடப்பட்டது. பிராட்வேக்கு அவர் எழுதிய கடைசி நாடகம் அதுதான். அந்தத் தோல்வியிலிருந்து தப்பித்த ஒரு பாட்டு ‘ஆல் த திங்ஸ் யூ ஆர்’. 36 பார்; அதற்குள் ஐந்து சுருதிகளுக்கு நழுவிப்போய் எங்கும் தட்டாமல் வீடு திரும்புகிறது. பொதுமக்களுக்குக் கடினமாக இருக்கும் என்று கெர்னே தயங்கியதாகச் சொல்வார்கள். ஜாஸ் கலைஞர்களுக்கோ அந்த நழுவல்தான் தேன்.

டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லஸ்பியும் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரும் 1945 பிப்ரவரியில் அதை வாசித்தபோது இருண்ட, கொஞ்சம் கேலியான ஒரு முன்னிசையைச் சேர்த்தார்கள். இன்றுவரை அந்த முன்னிசை இல்லாமல் பலர் இந்தப் பாட்டைத் தொடங்குவதே இல்லை. 1947 அக்டோபர் 28 அன்று பார்க்கர் அதே முன்னிசையையும் அதே கார்ட்களையும் வைத்துக்கொண்டு கெர்னின் மெட்டை மட்டும் கழற்றிவிட்டு, ‘பேர்ட் ஆஃப் பாரடைஸ்’ என்று பெயரிட்டார். இதில் கலைக் காரணம் பாதி, காசுக் காரணம் பாதி. மெட்டுக்குத்தான் காப்புரிமை, கார்ட் வரிசைக்குக் கிடையாது. கெர்னின் மெட்டை வாசித்தால் அவர் தரப்புக்கு உரிமைத்தொகை போகும்; புது மெட்டானால் போகவேண்டாம். சிறிய இசைத்தட்டு நிறுவனங்களுக்கு அது பெரிய விஷயம். அதே நாளில் அவர் பதிவு செய்த ‘எம்ப்ரேஸபிள் யூ’வையும் கேளுங்கள். ‘கேர்ள் கிரேஸி’யின் காதல் பாட்டு அது, கெர்ஷ்வினின் மெட்டு அங்கே இல்லை, அந்த இடத்தில் பார்க்கர் விட்டுச்சென்றது மூலத்தைவிட அழகானது என்பது என் கட்சி. கெர்ஷ்வின் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம்.

அதிகநேரம் நின்று பேசவேண்டிய பாட்டு ‘மை ஃபன்னி வாலன்டைன்’. 1937இல் ராட்ஜர்ஸும் லாரன்ஸ் ஹார்ட்டும் எழுதிய ‘பேப்ஸ் இன் ஆர்ம்ஸ்’ நாடகத்தில் வருகிறது. கதையில் வாலன்டைன் என்பது காதலர் தினம் அல்ல, ஒரு பையனின் பெயர். ஒரு பெண் அவனைப் பார்த்து, நீ பார்க்கச் சிரிப்பாக இருக்கிறாய், புகைப்படத்துக்கு லாயக்கில்லாதவன், இருந்தாலும் மாறிவிடாதே என்கிறாள். செல்லக் கிண்டல். ஹார்ட்டின் வரிகளில் பாதி நையாண்டிதான்.

1952இல் பாரிட்டோன் சாக்ஸபோன் கலைஞர் ஜெரி மல்லிகனின் நால்வர் குழு இதை எடுத்தது. அந்தக் குழுவில் பியானோ கிடையாது. பியானோ இல்லையென்றால் கார்ட்களைத் தாங்கிப்பிடிக்க ஆள் இல்லை. டபுள் பாஸ் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்குவது மட்டும் காதில் விழுகிறது. அந்தப் படிக்கட்டில் செட் பேக்கரின் டிரம்பெட் அரை மனதோடு இறங்கிவருகிறது. கிண்டல் போய், தனிமை வந்துவிட்டது. இரண்டாண்டு கழித்து பேக்கரே அதைப் பாடினார். சொல் இருக்கிறது, மெட்டு அட்சரம் பிசகாமல் இருக்கிறது, பாடுபவனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவர் குரலில் உணர்ச்சி இல்லை என்று குறைசொன்னவர்கள் உண்டு. எனக்கென்னவோ, உணர்ச்சியைக் காட்டாமல் விட்டதுதான் அந்தப் பதிவு என்று தோன்றுகிறது.

டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் பலமுறை இதை வாசித்திருக்கிறார். 1956 பதிவு இதமானது, மெட்டு தெரியும். அதை முதலில் கேட்டுவிட்டு 1964 பிப்ரவரி 12க்கு வாருங்கள். நியூயார்க் லிங்கன் சென்டரில் நடந்த கச்சேரி. மிசிசிப்பியிலும் லூசியானாவிலும் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யும் இயக்கத்துக்கு நிதி திரட்ட நடத்தினார்கள். குழுவில் ஜார்ஜ் கோல்மன், ஹெர்பி ஹான்காக், ரான் கார்ட்டர், பதினெட்டே வயதான டோனி வில்லியம்ஸ். தங்களைக் கேட்காமலே தங்கள் ஊதியத்தையும் மைல்ஸ் நன்கொடையாக்கிவிட்டதில் குழுவினருக்குக் கோபம். அந்தக் கோபத்தோடுதான் மேடையேறினார்கள் என்று மைல்ஸ் பின்னாளில் எழுதியிருக்கிறார். ‘மை ஃபன்னி வாலன்டைன்’ அன்று ஏறக்குறைய பதினைந்து நிமிடம். மெட்டின் முதல் சில சுரங்களை டிரம்பெட் எடுத்துக் காட்டிவிட்டு, முடிக்காமலே வைத்துவிடுகிறது. மீதி நம் நினைவில் தானாக ஓடவேண்டும். தாளம் சில இடங்களில் நின்றேவிடுகிறது, பிறகு எங்கிருந்தோ இரட்டை வேகத்தில் வந்து சேர்கிறது. பாட்டு தெரியாதவருக்கு இது புரியாது. தெரிந்தவருக்கோ, வாசிக்கப்படாத சுரங்கள் வாசித்தவற்றைவிடத் துல்லியமாகக் கேட்கும். அன்றைய மெதுவான பாட்டுகள் ஓர் இசைத்தட்டாகவும் வேகமானவை ‘ஃபோர் அண்ட் மோர்’ என்று இன்னோர் இசைத்தட்டாகவும் பிரிந்து வந்தன. மெதுவானதைத்தான் நான் சொல்வேன்.

இடைவெளி விடும் வித்தையை மைல்ஸ் யாரிடம் கற்றார் என்பதில் சந்தேகமில்லை. அவரே சொல்லியிருக்கிறார், பியானோக் கலைஞர் அகமது ஜமால். 1958 ஜனவரியில் சிகாகோவின் பெர்ஷிங் விடுதியில் ஜமால் பதிவு செய்த ‘பட் நாட் ஃபார் மீ’ கேளுங்கள். கெர்ஷ்வின் பாட்டுத்தான். ஒரு வாக்கியத்தைத் தொடங்கிவிட்டுக் கையை எடுத்துக்கொள்கிறார். டபுள் பாஸும் டிரம்ஸும் அந்த மௌனத்தைத் தாங்கிக்கொண்டு நடக்கின்றன. ‘ஓக்லஹோமா!’ நாடகத்தின் குதிரைவண்டிப் பாட்டை மைல்ஸ் 1956இல் வாசித்ததும் ஜமால் வழியாக வந்த ஆசைதான். அடுத்த ஆண்டு சோனி ராலின்ஸ் அதே வண்டிப் பாட்டைச் சாக்ஸபோனில் வெறும் டிரம்ஸ் துணையோடு வாசித்தார், வேறு எந்தக் கருவியும் இல்லாமல். ராலின்ஸுக்கு இப்படி ஒரு குறும்பு உண்டு. யாரும் சீண்டாத, நாடகத்தனம் வழியும் பாட்டுகளைத் தேடிப்பிடிப்பார். ‘தேர்ஸ் நோ பிசினஸ் லைக் ஷோ பிசினஸ்’ பாட்டைப் போய் யாராவது ஜாஸாக வாசிப்பார்களா? 1955இல் அவர் வாசித்தார், அதுவும் தலைதெறிக்கும் வேகத்தில்.

பியானோக் கலைஞர் பில் எவன்ஸ் செய்தது தனி ரகம். 1944இல் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் இசையமைத்த ‘ஆன் த டவுன்’ நாடகத்தில் ‘சம் அதர் டைம்’ என்று ஒரு பிரிவுப் பாட்டு. ஒருநாள் விடுப்பில் நியூயார்க் வந்த கடற்படைச் சிப்பாய்களின் நேரம் தீரப்போகிறது. அதன் தொடக்கத்தில் இரண்டே கார்ட் ஊஞ்சல்போல முன்னும் பின்னும் ஆடும். 1958 டிசம்பரில் எவன்ஸ் அந்தப் பாட்டை வாசிக்க உட்கார்ந்து, ஊஞ்சலிலேயே லயித்துப்போய், பாட்டுக்குள் நுழையவே இல்லை. அதுதான் ‘பீஸ் பீஸ்’. அடுத்த ஆண்டு அதே ஊஞ்சல் மைல்ஸின் ‘ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்’ தொடக்கத்தில் கேட்கிறது. 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, வில்லேஜ் வேங்கார்ட் விடுதியில் எவன்ஸ் பாட்டையே வாசித்தார். கண்ணாடிக் குவளைகள் மோதும் ஓசையும், இசையைக் கவனிக்காமல் பேசிக்கொண்டிருப்பவர்களின் குரலும் பதிவில் இருக்கின்றன. டபுள் பாஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ பதினோராம் நாள் கார் விபத்தில் இறந்தார், வயது 25. வேறொரு முறை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் பாட்டை இது தெரிந்தபின் சும்மா கேட்க முடிவதில்லை.

எதையும் விடாதவர்களும் இருக்கிறார்கள். பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் 1956இல் கோல் போர்ட்டர் பாடல்களில் தொடங்கி, ராட்ஜர்ஸ்–ஹார்ட், இர்விங் பெர்லின், கெர்ஷ்வின், கெர்ன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு ‘சாங் புக்’ வரிசை பாடினார். மற்றவர்கள் வெட்டிய தொகையறாவைப் பல பாட்டுகளில் அவர் திரும்ப ஒட்டினார். மூலத்தைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. நாடகப் பதிவுகளைவிடக்கூட இதைத்தான் சொல்வேன். ஆனால் ஜாஸ் என்று பார்த்தால் அந்தத் தட்டுகளில் சில கொஞ்சம் இஸ்திரி போட்ட சட்டைபோல இருக்கும். சட்டை கசங்கிய எல்லாவைக் கேட்க 1960 பிப்ரவரி பெர்லின் கச்சேரிக்குப் போகவேண்டும்.

அங்கே அவர் பாடியவற்றில் ஒன்று ‘மேக் த நைஃப்’. 1928இல் அதே பெர்லினில் அரங்கேறிய ‘த்ரீபென்னி ஆப்பரா’வின் கொலைகாரன் பாட்டு, பிரெக்டின் வரிகள், குர்ட் வைலின் இசை. லூயி ஆம்ஸ்ட்ராங் 1955இல் அதை ஆங்கிலத்தில் பாடியபோது, கொலைகாரனின் பட்டியலுக்கு நடுவே வைலின் மனைவியும் அந்த நாடகத்தின் முதல் நடிகையருள் ஒருவருமான லோட்டே லென்யாவின் பெயரைப் போகிறபோக்கில் சேர்த்துவிட்டார். லென்யா அப்போது ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தார். ஐந்தாண்டு கழித்து எல்லா அதைப் பாடும்போது நடுவில் வரிகள் மறந்துபோயின. நிறுத்தவில்லை. வரி மறந்துவிட்டது என்பதையே வரியாக்கி, ஆம்ஸ்ட்ராங்கும் பாபி டேரினும் பாடியதை நானும் பாடி நாசமாக்குகிறேன் என்று தாளம் பிசகாமல் பாடி, ஆம்ஸ்ட்ராங்கின் கரகரக் குரலையும் பேசிக்காட்டி முடித்தார். கிராமி விருது கிடைத்தது. அதே இரவில் ‘ஹவ் ஹை த மூன்’ பாட்டில் வெறும் அசைகளைக் கொண்டு பல நிமிடம் பறந்தார். அதற்குள் அந்தப் பாட்டின் கார்ட்களில் பார்க்கர் கட்டிய ‘ஆர்னிதாலஜி’ மெட்டு வந்துபோகிறது. கடைசியில், கண்ணில் புகை படிவதாகச் சொல்லும் கெர்னின் பழைய காதல் பாட்டை இழுத்து, புகைக்குப் பதிலாக வியர்வை என்று மாற்றிவிட்டார். மெட்டைத் தொடாதே என்று தடைபோட்ட கெர்ன் அதைக் கேட்க உயிரோடு இல்லை.

முழு நாடகத்தையே ஓர் இசைத்தட்டாக வாசிப்பது என்று ஒரு மோகமும் வந்தது. 1956இல் டிரம்ஸ் கலைஞர் ஷெல்லி மேனும் பியானோவில் ஆந்த்ரே பிரெவினும், லெராய் வின்னகரின் டபுள் பாஸோடு, அந்த ஆண்டு மார்ச்சில்தான் அரங்கேறிய ‘மை ஃபேர் லேடி’யை வாசித்தார்கள். அமோக விற்பனை. எட்டாண்டு கழித்து அதே நாடகம் படமானபோது இசைப் பொறுப்பை ஏற்று ஆஸ்கர் வாங்கியவரும் இதே பிரெவின்தான். அந்தத் தட்டு இன்றும் துள்ளுகிறது. பார்த்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு நாடகத்தைத் தூக்கிக்கொண்டார்கள்; பெரும்பாலானவை கல்யாண வரவேற்பில் பின்னணியாகப் போடத் தகுந்தவை. விதிவிலக்கு, மைல்ஸும் இசைக்கோப்பாளர் கில் எவன்ஸும் 1958இல் செய்த ‘போர்கி அண்ட் பெஸ்’. பாடகர்கள் ஒருவர்கூட இல்லாத ஆப்பரா அது.

1960களுக்குப் பிறகு இந்த வரத்து வற்றியது. மக்கள் ராக்குக்குப் போனார்கள். மேடைப் பாட்டுகளும் கதையோடு இறுகப் பின்னப்பட்டுப் பிரித்தெடுக்க முடியாதவையாயின. இருந்தாலும் பழைய கிணற்றில் இன்னும் இறைக்கிறார்கள். நம்மவர் தொடர்பு ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பியானோக் கலைஞர் விஜய் ஐயர், 2009இல் ‘ஹிஸ்டாரிசிட்டி’ என்ற தொகுப்பில் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யின் ‘சம்வேர்’ பாட்டை வாசித்தார். எங்கோ நமக்கு ஓர் இடம் இருக்கிறது என்று ஏங்கும் பாட்டு. மேடையில் அது அகலமாக, அமைதியாக விரியும். ஐயரின் மூவர் குழுவில் அந்த அமைதியைக் காணவில்லை. அடியில் தாளம் ஓரிடத்தில் நிற்க மறுக்கிறது. டிரம்ஸ் வாசிக்கும் மார்கஸ் கில்மோர், கோல்ட்ரேனோடு 1963இல் ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ வாசித்த ராய் ஹெய்ன்ஸின் பேரன். அதே தொகுப்பில் ஈழத்தமிழ்ப் பின்னணி கொண்ட பாடகி எம்.ஐ.ஏ.வின் ‘கலாங்’ பாட்டும் இருக்கிறது. புதிய ஸ்டாண்டர்ட்கள் எங்கிருந்து வரும் என்பதற்கு அவர் தந்த பதில் அது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் எங்கிருந்து தொடங்கலாம்? ‘மை ஃபன்னி வாலன்டைன்’ பாட்டை எல்லாவின் குரலில் தொகையறாவோடு கேளுங்கள், பிறகு செட் பேக்கர் பாடியது, பிறகு மைல்ஸ் 1956, பிறகு 1964. ஒரே மாலையில் வேண்டாம். பாட்டு உங்களுக்குக் குளியலறையில் தானாக வரும்வரை ஒவ்வொன்றிலும் நில்லுங்கள். அதன்பின் கோல்ட்ரேனிடம் திரும்பிப்போய், கடிகாரத்தைப் பார்க்காமல், நாய் கடிக்கும் வரி எப்போது வருகிறது என்று மட்டும் காத்திருங்கள்.

அவரே அந்தப் பாட்டைச் சாகும்வரை விடவில்லை. ரவிசங்கரின் இசையில் ஆழ்ந்து, மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தவர்; அந்த ஈடுபாடு வளர வளர இந்தப் பாட்டும் நீண்டுகொண்டே போனது. 1967 ஏப்ரலில் ஹார்லெமில் வாசித்த பதிவு அரைமணி நேரத்துக்கும் மேல். முதலில் வெகுநேரம் டபுள் பாஸ் தனியாக வாசிக்கும். ஒலிப்பதிவு கரடுமுரடு. பாட்டை அடையாளம் காண்பதே ஒரு வேலை. மூன்று மாதத்துக்குள் கோல்ட்ரேன் இறந்துவிட்டார். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து.